மட்கார்டில் ஒரு இடம்

வேன் டிரைவர் ஒரு பழைய வண்டி சீட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "சார் நாளைக்கு வருவாரு. கறுப்பு ரெக்சின், பழைய மாடல் மாதிரியே வேணுமாம்" என்றான். எந்த சார் என்று கேட்பதற்குள் போய்விட்டான். சீட் கவர் தைக்கிற கடை நடத்துகிறவளுக்கு எந்த சாராக இருந்தால் என்ன? கையிலிருந்த ஆட்டோ சீட்டை முடித்துவிட்டு அதை இழுத்துப் பார்த்தேன்.

இரும்புத் தட்டு சீட். இப்போது வருகிற வண்டிகளில் இதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து டிராக்டருடையது, இரும்பின்மேல் ஒரு சின்ன மெத்தையைக் கட்டிவிட்டு நாள் முழுக்க உழச் சொல்வார்கள். திருப்பினேன். அடியில் விரிசல் விட்ட இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த வெல்டிங் என் வீட்டுக்காரர் அடித்தது. அவருக்கு நேராக ஒரு கோடு வராது, புழு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போகும். "இதைவிட நான் ஊசி நூலால இரும்பைத் தைச்சுடுவேன்" என்று எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

ஆக, அந்த சார் என் கொழுந்தன்தான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த டிராக்டரைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று நான் சொன்னபோது, "எதுக்கு அண்ணி, என் ஷெட்ல ஒரு ஓரமா கெடக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு போனான். கிடந்து துருப்பிடிக்கட்டும் என்று நானும் விட்டேன். அதற்கு இப்போது சீட் கவர் கேட்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு தையல் ஒழுங்காக விழவில்லை.

மறுநாள் கொழுந்தன் வந்தான். விதைக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவனுக்குப் பொழுது போகவில்லை. பழைய டிராக்டர் சங்கம் என்று ஒன்றில் போய்ச் சேர்ந்திருந்தான். சட்டைப் பையில் சங்கத்து பேட்ஜ், தலையில் சங்கத்து தொப்பி. முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"அண்ணி, சீட்டு வந்துச்சா? சொல்லாம அனுப்புனதுக்குக் கோவிச்சுக்காதீங்க. ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்."

"நல்லா இருந்துச்சு சர்ப்ரைஸு."

நான் சொன்ன தொனி அவனுக்கு உறைக்கவில்லை. சில பேருக்கு ஆணி அடித்தாலும் உறைக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான். என்ஜினைப் பிரித்துப் பூட்டியாகிவிட்டதாம். கம்பெனி நீலம் எங்கேயும் கிடைக்காமல், பழைய டப்பா மூடி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி அதே நிறத்தில் பெயிண்ட் கலக்கி வாங்கினானாம். பொருட்காட்சி மைதானத்தில் சங்கத்தின் கண்காட்சி நடக்கப் போகிறதாம். "அந்தச் சத்தம் இருக்கே அண்ணி, டக் டக்னு. இப்ப வர்ற வண்டியெல்லாம் மூச்சே விடாது. அன்னைக்கு ஸ்டார்ட் பண்ணினேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என்ன காலம் அது. எல்லாரும் ஒண்ணா அதுல ஏறிக்கிட்டுப் போவோம், பாட்டுப் பாடிக்கிட்டு."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தான்."

"பேர் சொல்லு. யார் யாரு ஏறினாங்க?"

அவன் சீட்டைத் தடவ ஆரம்பித்தான்.

என் பையனை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்தில் நிற்க மாட்டான், உட்கார மாட்டான். ஆனால் டிராக்டரின் பின் சக்கரத்துக்குமேல் வளைந்த தகடு இருக்கிறதே, மட்கார்டு, அதில் ஏற்றிவிட்டால் மட்டும் ராஜா மாதிரி அசையாமல் உட்காருவான். டிராக்டர் வைத்திருந்த எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு அதுதான் இடம். வண்டி விற்கிற கடையில் மாட்டியிருந்த படத்திலேயே அப்படித்தான் இருக்கும். அப்பா ஓட்டுவார், ஒரு பக்கத்து மட்கார்டில் அம்மா, மறுபக்கத்தில் பிள்ளை, மூன்று பேருக்கும் பல்லெல்லாம் தெரியும். யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. நடக்கிற வேகத்தில் போகிற வண்டிதானே?

அன்றைக்கு ஓட்டியவன் கொழுந்தன். வயலிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற வண்டிப் பாதையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிள்ளை முன்பக்கம் சரிந்து சக்கரத்துக்குக் கீழே போய்விட்டான். அவனுக்கு எட்டு வயசு. அதற்குமேல் அதை நான் சொல்லப் போவதில்லை.

கொழுந்தனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் பெண் வீட்டுக்குப் போனால் நின்றுவிடும் என்று மாமியார் பயந்தார். "போனவன் போயிட்டான், இருக்கிறவன் வாழ வேணாமா" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று முடிவானது. வயலுக்கு நடுவில் தனி வீடு. பார்த்தவர்கள் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர், அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் செய்தது ஒன்றே ஒன்று. கட்டிடக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு மட்கார்டு மேலும் நட்டக் குத்தலாக வரிசையாக வைத்து வெல்டிங் அடித்தார். சீப்பை மல்லாத்தி வைத்த மாதிரி இருக்கும். எறும்பு வேண்டுமானால் உட்காரலாம், மனுஷன் உட்கார முடியாது. பார்த்தவர்கள் எதற்கு இது என்று கேட்டால், "கோழி ஏறி அசிங்கம் பண்ணுது" என்பார். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வேறு வண்டி வாங்க வழியில்லாததால் அதை வைத்தேதான் பிழைத்தோம். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருஷங்களில் நானே ஓட்டினேன், இடது பக்கம் ஒரு வரிசைக் கம்பி, வலது பக்கம் ஒரு வரிசைக் கம்பி.

"மட்கார்டுல கம்பி இருந்துச்சே" என்றேன் கொழுந்தனிடம்.

"ஆமா அண்ணி. அதை எடுக்கத்தான் பெரிய பாடாப் போச்சு. கிரைண்டர்ல அறுத்து, தேய்ச்சு, பட்டி பார்த்து... இப்ப கையை வெச்சாக்கூடத் தெரியாது."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"இல்ல அண்ணி, அது கம்பெனியில வந்தது கிடையாதுல்ல. பின்னால சேத்தது எது இருந்தாலும் மார்க் கொறச்சுடுவாங்க. வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும், அதுதான் சங்கத்து ரூல்." பிறகு ரொம்பப் பெருமையாக, "குடும்பச் சுற்றுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அந்தப் பழைய படத்துல இருக்குமே, அதே மாதிரி குடும்பத்தோட மைதானத்தை ஒரு சுத்து வரணும். நம்ம ராக்கெட்டை ஏத்தப் போறேன். இப்பவே குதிச்சுக்கிட்டு இருக்கா" என்றான்.

ராக்கெட் அவனுடைய பேத்தி. மகள் வயிற்றுப் பேத்தி. ஓடினால் பிடிக்க முடியாது, அதனால் அந்தப் பெயர்.

"எங்க ஏத்தப் போறே?"

அவன் தொப்பியைக் கழற்றி மாட்டினான். அந்தப் படத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியாதா?

நான் எழுந்து சீட்டைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? இல்ல அதையும் தேய்ச்சுப் பட்டி பார்த்துட்டியா?"

"அண்ணி, நடந்தது நடந்துபோச்சு. எனக்கு மட்டும் வலிக்கலையா? அந்த வண்டியில நல்லதும் இருந்துச்சுல்ல. அதை மட்டும் நெனச்சுக்கிட்டா என்ன தப்பு?"

"நல்லத மட்டும் நெனச்சுக்க உனக்கு வசதியிருக்கு. எனக்கு இல்ல. எழுந்து போ."

போனான். வாசலில் நின்று, "அண்ணன் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். கையில் கிடைத்த ஃபோம் துண்டை அவன்மேல் எறிந்தேன். ஃபோம் எறிந்து என்ன ஆகும்? பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கொழுந்தன் மகளுக்குப் போன் போட்டேன். ராக்கெட்டின் அம்மா. பல் டாக்டர். நல்ல பெண், என்னைப் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள் பிறக்கும்போது என் பையன் இல்லை. காய்ச்சலில் போன அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதோடு அவளுக்குத் தெரிந்தது முடிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. உன் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை, அந்த மட்கார்டிலிருந்துதான் விழுந்தான், உன் அப்பாதான் ஓட்டினார், ராக்கெட்டை அதில் ஏற்றாதே என்று சொன்னேன்.

அவள் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"பெரியம்மா, அப்பா சொன்னாரு. நீங்க போன் பண்ணுவீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு அந்த வண்டின்னாலே ஆகாதாம். பெரியப்பாவும் போனதுக்கப்புறம் நீங்க தனியாவே இருக்கீங்க இல்லையா, மனசுல எதை எதையோ போட்டுச் சேத்துக்கிறீங்களாம். உங்களைக் கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொன்னாரு. நான் கோவிச்சுக்கல பெரியம்மா. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, சும்மா பேசிட்டு வரலாம்."

போனை வைத்துவிட்டேன். எனக்கு முன்னாலேயே ஓடிப்போய் என் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறான். மட்கார்டைப் பூசி மெழுகியது போதவில்லை, என்னையும் பைத்தியக்காரியாக்கிவிட்டான். என் வாயால் சொல்லி இனிமேல் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாமியாரும் அந்த வயல்காரர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று, சொல்ல வேண்டிய வாய் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அது அவனுடையது.

கண்காட்சி அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மைதானம் நிறைய டிராக்டர்கள். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, சின்னது, பெரியது, எல்லாம் மினுமினுவென்று. பக்கத்தில் ஆண்கள் கும்பல் கும்பலாக நின்றுகொண்டு என்ஜினைத் தடவிக் கொடுத்தார்கள். பெற்ற பிள்ளையை ஒரு நாள் அப்படித் தடவியிருப்பார்களா தெரியவில்லை. சங்கத்து செகரட்டரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மண்ணோடும் மனசோடும் பிணைந்த பொற்காலம்" என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொற்காலத்தில் பாதிப் பேருக்கு இடுப்பு போனது, மீதிப் பேருக்குக் காது போனது. எனக்கே இடது காது மந்தம். யாராவது அதற்கும் ஒரு கண்காட்சி வைத்தால் தேவலை.

நீல வண்டி குடும்பச் சுற்று வரிசையில் நின்றது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, தெரியவும் இல்லை. மட்கார்டு வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. கொழுந்தன் சீட்டில் இருந்தான். சீட்டுக்கு வேறு யாரோ கவர் தைத்திருந்தார்கள், ஓரத்துப் பைப்பிங் நாடா கோணல். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மகள் ராக்கெட்டை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் ஒரு கால் மட்கார்டில் பட்டுவிட்டது.

"எறக்கு அவள" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"பெரியம்மா, இங்க வேணாமே. மெதுவாத்தான் போகும், நடக்குற வேகம்தான். நானும் பக்கத்துலயே நடந்து வரேன்" என்றாள் மகள்.

"அன்னைக்கும் மெதுவாத்தான் போச்சு" என்றேன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வாய் திறப்பான் என்று ஒரு நொடி நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"சரி" என்றேன். "அது புள்ளைங்க உக்கார்ற இடம்தானே? ஒண்ணும் ஆகாதுதானே? அப்ப நீ அதுல உக்காரு. நான் ஓட்டுறேன். ஒரு சுத்து. வந்ததுக்கப்புறம் நீயே உன் கையால அவள ஏத்து, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவன் மழுப்பப் பார்த்தான். அதற்குள் செகரட்டரி மைக்கோடு வந்துவிட்டார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, காதில் விழுந்தது பாதி. "ஆஹா, நம்ம நீல வண்டி சாரோட அண்ணியாரே ஓட்டப் போறாங்க. அந்தக் காலத்துல இதே வண்டியில உழுதவங்க. கை தட்டுங்க" என்று முழங்கிவிட்டார். கூட்டம் கை தட்டியது. அத்தனை பேர் முன்னால் மட்கார்டில் உட்காரப் பயமாக இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை. இறங்கி, சுற்றி வந்து, இடது பக்கத்து மட்கார்டில் ஏறினான். என் பையன் உட்கார்ந்த பக்கம்.

கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். காலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வண்டி நகர்ந்தது.

முதலில் அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். பந்தலைத் தாண்டினோம். மைக் செட்டுக்காகத் தரையில் ஒயர் போட்டு, மேலே மண் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். சக்கரம் அதில் ஏறி இறங்கியது. அவன் ஒரு சாண் முன்னால் வழுக்கினான். கையசைப்பது நின்றது. இரண்டு கையாலும் மட்கார்டைத் துழாவினான்.

"அண்ணி, மெதுவா."

"முதல் கியரு. இதுக்குக் கீழ கியர் இல்ல."

"புடிக்க எதுவும் இல்ல அண்ணி."

"பாலிஷ் போட்டது யாரு?"

அடுத்த மேடு. அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அறுபது தாண்டிய ஆண்பிள்ளையின் கை, குழந்தையின் கை மாதிரி இறுக்கியது. அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே பெரிய சக்கரம் திரும்பிக்கொண்டிருந்தது, டயர்க் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. அவன் அதையே பார்த்தான். கிளட்சை ஒரு தடவை மிதித்துச் சடக்கென்று விட்டால் போதும், வண்டி துள்ளும், அவன் கீழே. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இல்லாததைச் சொல்ல மாட்டேன், கால் அதன்மேல்தான் இருந்தது.

"அன்னைக்கு என் புள்ள உன்னைக் கூப்பிட்டானா?" என்றேன்.

"அண்ணி..."

"என்ஜின் சத்தத்துல எதுவும் கேக்கலன்னு சொன்னே. உங்க அண்ணன் அதை நம்பித்தான் செத்தாரு. இப்ப இதே சத்தம்தான். நீ பேசுறது எனக்குக் கேக்குது, செவிட்டுக் காதுக்கே கேக்குது. கூப்பிட்டானா?"

அவன் உடம்பு குலுங்கியது. வண்டி குலுங்கியதா அவன் அழுதானா என்று முதலில் தெரியவில்லை.

"கூப்பிட்டான். சித்தப்பா வழுக்குது, சித்தப்பா வழுக்குதுன்னான். நான் பாடிக்கிட்டு இருந்தேன். வெளையாடுறான்னு நெனச்சு இன்னும் சத்தமாப் பாடினேன்."

நான் காலை மெதுவாக, மிக மெதுவாக, கிளட்சிலிருந்து எடுத்தேன். மீதிச் சுற்றை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கூட்டம் கை தட்டிக்கொண்டே இருந்தது. புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை அணைத்தேன்.

அவன் இறங்கினான். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னப்பா, நீங்களே பயந்துட்டீங்களா?" என்று மகள் சிரித்தாள். ராக்கெட் ஓடி வந்து, "தாத்தா, இப்ப நான்" என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "சொல்லு" என்றேன்.

அவன் பேத்தியைப் பார்த்தான். தூக்கிய கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான். பிறகு மகளைப் பார்த்தான்.

"பெரியம்மாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவங்க சொன்னதுதான் நெசம். அவனுக்குக் காய்ச்சல் இல்ல. நான்தான் ஓட்டினேன்."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வழவழவென்றிருந்த அந்த மட்கார்டைப் பார்த்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இடுப்பில் தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளை, கால் இரண்டும் அம்மாவின் முழங்கால்வரை தொங்கின. அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கும்மா காய்ச்சல் இல்ல?" என்றாள் ராக்கெட்.

அவள் அம்மா பிள்ளையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள். கொழுந்தன் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"உன் மாமாவுக்கு" என்றேன் நான். "உன் வயசுதான் அவனுக்கு."